பெங்களூருக்குப் பிழைக்க வந்த ஜெர்மானியர்கள்

பெங்களூர் என்றதும் அமெரிக்க விசாவுக்குக் காத்துக் கிடக்கும் இன்ஜினீயர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஒரு காலத்தில் கதை தலைகீழ். வெளிநாட்டு வல்லுநர்கள் இங்கே வேலைக்கு வந்தார்கள். ஊரின் முகத்தையே மாற்றினார்கள்.

லால்பாக் பூங்கா அருகே கிரும்பிகல் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்த தோட்டக்கலைஞர் கிரும்பிகலை முதலில் அழைத்து வந்தவர் பரோடா மன்னர். 1908-இல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை லால்பாக்குக்குக் கொண்டுவந்தார். ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கத் தொடங்கும்படி சாலையோர மரங்களை நடும் யோசனை அவருடையது. சமஸ்தானத்தில் மன்னர் வா என்றால் போதும், வேலை உறுதி.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 1933-இல் ஹிட்லர் ஆட்சி, யூதர் என்பதற்காக இயற்பியலாளர் மாக்ஸ் போர்னைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து விலக்கியது. டாடா இன்ஸ்டிட்யூட் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்துக்கு அப்போது இயக்குநர் நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன். அவர் அழைத்து, 1935-36-இல் சுமார் ஆறு மாதம் போர்ன் இங்கே இருந்தார். அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தர ராமன் முயன்றார். அதற்கான கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாடே துரத்திய இரண்டாந்தர ஆள் நமக்கு எதற்கு என்ற பொருளில் பேசினார். வீடு திரும்பி அழுததாகப் போர்ன் பின்னாளில் எழுதினார். கடவுச்சீட்டிலோ முத்திரையிலோ அல்ல, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த சிலரின் வாயில் அவர் வேலை நின்றுபோனது. போர்ன் எடின்பரோவுக்குப் போனார். 1954-இல் நோபல் பரிசு பெற்றார். இழப்பு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்னின் சகோதரி மகன் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், நாஜிகளால் வேலை இழந்த கட்டடக் கலைஞர். திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில், 1939-இல் மைசூர் வந்து சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். மாமாவுக்கு இடம் தராத அதே கழகத்தில் ஏரோநாட்டிக்ஸ் துறையின் கட்டடத்தை வடிவமைத்தவர் அவர்தான்.

அவர் வந்த அதே ஆண்டில்தான் வெளிநாட்டவர் பதிவுச் சட்டமும் வந்தது. 1946-இல் வெளிநாட்டவர் சட்டம். சுதந்திரத்துக்குப் பின்னும் இரண்டும் நீடித்தன. அவை நடைமுறையில் இருந்தபோதுதான், 1956-இல் ஜெர்மன் விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் இந்தியா வந்தார். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையில் அவர் குழு வடிவமைத்த மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17 அன்று முதன்முறை பறந்தது. இந்த முறை அழைத்தது மன்னர் இல்லை, டெல்லி அரசு.

அந்த இரண்டு சட்டங்களும் 2025 செப்டம்பர் 1 முதல் ஒரே குடியேற்றச் சட்டத்துக்குள் போய்விட்டன. இன்று வேலை விசா கேட்பவருக்குச் சம்பளம்தான் முதல் அளவுகோல்: ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. தகுதியான இந்தியர்கள் போதுமான அளவில் கிடைக்கும் வேலைக்கு விசா கிடையாது. தன் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சம்பள வரம்பில் விலக்கு உண்டு. தோட்டக்காரருக்கு இல்லை.