இரண்டு நீலக் கோட்டுகள்

போரில் செத்த சாதாரணச் சிப்பாயின் உடை அவனோடு மண்ணுக்குள் போய்விடும். இல்லையென்றால், உயிரோடிருப்பவன் கழற்றிப் போட்டுக்கொள்வான். பெரிய மனிதர்களின் உடைதான் தப்பிக்கிறது. அப்படித் தப்பியவற்றில் இரண்டு நீலக் கோட்டுகளைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்று லண்டனின் கிரீனிச்சில், தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரில் சுடப்பட்ட ஆங்கிலத் தளபதி ஹொரேஷியோ நெல்சனுடையது. மற்றொன்று ஸ்டாக்ஹோம் அரச ஆயுதசாலையில் இருக்கிறது: அன்றைய ஸ்வீடன் நாட்காட்டிப்படி 1718 நவம்பர் 30 இரவு, நார்வேயின் ஃபிரெட்ரிக்ஸ்டென் கோட்டையை முற்றுகையிட்ட பதுங்குகுழியில் இறந்த ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸுடையது.

நெல்சனின் கோட்டில் முதலில் கண்ணில் படுவது மார்பின் இடப்பக்கத்தில் தைத்திருக்கும் நான்கு விருதுச் சின்னங்கள். உலோகப் பதக்கங்கள் அல்ல. வெள்ளிச் சரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்தவை. அது விழாக்கால உடைகூட இல்லை, கப்பலில் அன்றாடம் போட்டுக்கொள்வது. அதாவது, விருதுகளைக் கழற்றி வைக்கிற வழக்கமே அவரிடம் இல்லை. சார்லஸின் கோட்டில் இப்படி எதுவும் கிடையாது. நீலத் துணி, பித்தளைப் பொத்தான்கள், மான்தோல் கால்சட்டை, முரட்டுப் பூட்ஸ். சரிகை இல்லை, பதவி அடையாளம் இல்லை. பதுங்குகுழியின் சேறும், கையுறையில் அவருடைய ரத்தமும்தான் மிச்சம்.

இந்த இரண்டையும் பார்த்தவுடன் மனம் ஒரு தீர்ப்புக்குத் தாவும்: நெல்சன் பகட்டுக்காரர், அந்தப் பகட்டே அவரைக் கொன்றது; சார்லஸ் எளியவர். முதல் பாதியைப் பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். மின்னும் மார்பைக் குறிவைத்து, ரெடூட்டபிள் என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மர மேடையிலிருந்து சுட்டார்கள் என்பது கதை. மேடைக்கும் அவருக்கும் இடையே பதினைந்து கஜம்தான் என்கிறார் கப்பல் மருத்துவர் வில்லியம் பீட்டி. ஆனால் பீரங்கிப் புகை மண்டிய தளத்தில், பலரும் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், அது குறிபார்த்த குண்டா, வழிதவறி வந்ததா என்று எவரும் நிரூபித்ததில்லை. சார்லஸோ நவம்பர் மாத இருட்டில் மண்மேட்டின் மேல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எளிய கோட்டு அவரைக் காப்பாற்றவில்லை. இருவரையும் கொன்றது உடை அல்ல, குண்டு விழும் இடத்தில் தளபதி நிற்க வேண்டும் என்ற பிடிவாதம்.

அப்படியானால் உடை எதைச் சொல்கிறது? இருவரும் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதைச் சொல்கிறது. நெல்சன் நார்ஃபோக் பகுதியின் ஒரு கிராமப் பாதிரியாரின் மகன். ஒன்பது வயதில் தாயை இழந்து, பன்னிரண்டில் தாய்மாமனின் கப்பலில் சேர்ந்தவர். 1774இல், பதினைந்து வயதில், சீஹார்ஸ் கப்பலில் சென்னைக்கும் வந்திருக்கிறார். இந்தியக் கடலில் பிடித்த காய்ச்சலோடு ஊர் திரும்பும் வழியில், இனி முன்னுக்கு வரவே முடியாதோ என்று நொந்துபோய், பிறகு வீரனாகியே தீருவேன் என்று உறுதி பூண்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வலக்கண் பார்வை கார்சிகாவில் போயிற்று. வலக்கை 1797இல் டெனெரிஃப்பில் போயிற்று. கோட்டின் காலியான வலது கைப்பகுதியைப் பொத்தானில் மாட்ட ஒரு சிறு கயிற்று வளையம் இருக்கிறது. நான்கு சின்னங்களையும் அந்த வளையத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். கொடுத்த விலை ஒரு பக்கம், வாங்கிய ரசீது மறுபக்கம்.

சார்லஸுக்கு ரசீது தேவைப்படவில்லை. பதினைந்து வயதில் கட்டற்ற அதிகாரத்தோடு அரியணை ஏறியவர். 1700இல் போருக்குக் கிளம்பியவர் ஸ்டாக்ஹோமை மறுபடி பார்க்கவே இல்லை. நார்வாவில் வென்று, 1709இல் போல்டாவாவில் படையைத் தொலைத்து, ஆண்டுக்கணக்கில் துருக்கியர் நிலத்தில் முடங்கிக் கிடந்த பிறகும் அவர் ராஜாதான். பொய்முடி இல்லை, மது இல்லை, வைக்கோலில் தூக்கம். எல்லோருக்கும் தன்னைத் தெரியும் என்று இருப்பவன்தான் அடையாளமில்லாத கோட்டைப் போட முடியும். அந்த எளிமையை நான் பணிவாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசி நேரத்தில் இரண்டு கோட்டுகளுக்கும், அணிந்தவரை மறைக்கும் ஒரே வேலை வந்து சேர்ந்தது. நெல்சனைக் கீழே தூக்கிச் செல்லும்போது, மாலுமிகள் மனம் தளரக்கூடாதென்று அவரே கைக்குட்டையால் முகத்தையும் மார்புச் சின்னங்களையும் மூடிக்கொண்டார் என்று பீட்டி எழுதுகிறார். வாழ்நாளெல்லாம் காட்டியதைக் கடைசியில் மறைத்தார். சார்லஸின் பிணத்துக்கு, அவருடைய தங்கை கணவரின் உதவியாளர் சிக்ர் தன் பொய்முடியையும் தொப்பியையும் வைத்து, யாரோ ஒரு அதிகாரியைப்போல் வெளியே அனுப்பினார். கோட்டை மூடவேண்டிய அவசியம் நேரவில்லை. அது ஏற்கெனவே யாருடைய கோட்டாகவும் இருக்கக்கூடியது.

ஸ்வீடனில் இதற்குப் பின் ஒரு கதை கிளம்பியது. மன்னரைச் சாதாரண ஈயக் குண்டு துளைக்காது, அவர் கோட்டுப் பொத்தானையே குண்டாக்கிச் சுட்டார்கள் என்று. 1924இல் ஈயம் அடைத்த பித்தளைப் பொத்தான் ஒன்று கிடைத்து, வார்பெரி அருங்காட்சியகத்துக்கும் போனது. 2022இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை முடிவோ, கோட்டையிலிருந்து வந்த பீரங்கிச் சிதறுகுண்டையே சுட்டுகிறது. சதிக்கதைக்கு ருசி அதிகம்தான், ஆனால் சான்று அந்தப் பக்கம் இல்லை.

சார்லஸின் உடை நேராக அரச ஆயுதசாலைக்குப் போனது; மன்னரின் ரத்தக்கறை படிந்த உடையைப் பாதுகாக்கும் வழக்கத்தை 1628இலேயே ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் தொடங்கி வைத்திருந்தார். நெல்சனின் கோட்டு காதலி எம்மா ஹாமில்டனிடம் சேர்ந்தது. போர் நாளன்று காலையில் எழுதிய உயில் இணைப்பில் எம்மாவை நாட்டின் பொறுப்பில் விடுவதாக நெல்சன் குறிப்பிட்டிருந்தார். நாடு கண்டுகொள்ளவில்லை. கடன் தொல்லையில் கோட்டு கைமாறியது. எம்மா 1815இல் பிரான்சின் கலே நகரில் வறுமையில் இறந்தார். முப்பது ஆண்டு கழித்து, 1845இல், அதே கோட்டை இளவரசர் ஆல்பர்ட் 150 பவுண்டு கொடுத்து வாங்கி கிரீனிச்சுக்கு அளித்தார்.