பாதிச் சம்பளத்தில் பரதேசம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் ஒரு விசேஷம் உண்டு. கதையில் யாருக்காவது கடன் கழுத்துக்கு வந்துவிட்டால், இரண்டு அத்தியாயம் தள்ளி அந்த ஆசாமி பிரெஞ்சுக் கடற்கரை ஊர் ஒன்றில் தென்படுவார். தாக்கரேயின் 'வானிட்டி ஃபேர்' நாவலில் பெக்கி ஷார்ப் மானம் போன பிறகு போலோனில் வந்து தங்குகிறாள். இதைக் கதாசிரியனின் சௌகரியம் என்று தள்ளிவிட முடியாது. நிஜமாகவே போலோனிலும், கலேயிலும், பெல்ஜியத்து ப்ரூஜ் நகரிலும் ஆங்கிலேயர் கும்பல் கும்பலாகக் குடியிருந்தார்கள்.

எல்லாம் 1815-ல் ஆரம்பித்தது. வாட்டர்லூ சண்டையோடு யுத்தம் முடிந்தது. யுத்தம் முடிந்தால் சேனாதிபதிகளுக்குச் சிலை வைப்பார்கள். சின்ன ஆபீஸர்களை என்ன செய்வது? பிரிட்டிஷ் சர்க்கார் அவர்களை வீட்டுக்கு அனுப்பிப் 'பாதிச் சம்பளம்' கொடுத்தது. கூப்பிட்டால் மறுபடி வர வேண்டும். கூப்பிடப் போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். நாற்பது வயதுகூட ஆகாத மனிதன் பென்ஷன்காரனாகிவிட்டான்.

அதே 1815-ல் பார்லிமெண்டு இன்னொரு காரியமும் செய்தது. ஒரு குவார்ட்டர் கோதுமை, அதாவது நம் கணக்கில் இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 80 ஷில்லிங் விலையை எட்டும் வரையில் அன்னிய நாட்டுக் கோதுமை விற்பனைக்கு வரக்கூடாது என்று சட்டம் போட்டது. சட்டம் போட்டவர்களில் பெரும்பாலோர் நிலச்சுவான்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, சம்பளம் பாதி. ரொட்டி விலை மட்டும் இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சட்டம்.

டோவருக்கும் கலேக்கும் நடுவே கடல் அகலம் இருபத்தொரு மைல்தான். அக்கரையில் ஒரு பவுனுக்குச் சுமார் 25 பிராங்க் கிடைத்தது. வீட்டு வாடகை, ரொட்டி, ஒயின், வேலைக்காரி, பெண்ணுக்குப் பிரெஞ்சு வாத்தியார், எல்லாம் மலிவு. இங்கிலாந்தில் மானத்தோடு வாழப் போதாத பணம் போலோனில் போதும்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. அந்நாளில் இங்கிலாந்தில் கடன்காரனைச் சிறையில் தள்ளலாம். 1869-ல்தான் அந்தச் சட்டம் பெரும்பாலும் ஒழிந்தது. லண்டன் கோர்ட்டின் வாரண்டு கடல் தாண்டாது. ஆகவே சிக்கனத்துக்காக வந்தவர்களும், அமீனாவுக்குப் பயந்து வந்தவர்களும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். நெல்சனின் காதலி எம்மா ஹாமில்டன் இரண்டாவது ரகம். 1814-ல் கலேக்கு ஓடிவந்தாள். 1815 ஜனவரியில் அங்கேயே இறந்தாள்.

பிரம்மலின் கதை இன்னும் நீண்டது. பட்டத்து இளவரசரின் நண்பர். லண்டன் கனவான்களுக்கு உடுத்தக் கற்றுக்கொடுத்தவர். பளபளப்பான சரிகையெல்லாம் வேண்டாம், வெளுத்துக் கஞ்சி போட்ட வெள்ளைக் கழுத்துத் துணி போதும் என்பது அவர் சித்தாந்தம். கேட்பதற்கு என்ன எளிமை! தகப்பனார் வைத்துவிட்டுப் போன சுமார் 30,000 பவுன் பங்கை இந்த எளிமையும் சூதாட்டமும் சேர்ந்து கரைத்தன. 1816 மே மாதம் ஒரு நாள் ஆப்பெரா பார்க்கப் போனவர், பாதியில் எழுந்து வண்டியேறி டோவருக்குப் போய்விட்டார். லண்டனில் அவர் சாமான்கள் ஏலம் போயின.

கலேயில் ஒரு புத்தக வியாபாரி வீட்டில் பதினான்கு வருஷம் இருந்தார். சிக்கனமாகவா? பிரெஞ்சுப் பீங்கான்களும் வேலைப்பாடுள்ள மேஜைகளும் வாங்கி அறையை நிரப்பினார். சிநேகிதர்கள் அனுப்பிய பணம் வந்தது, போயிற்று. 1830-ல் கான் நகரத்துக்குக் கான்சல் உத்தியோகம் கிடைத்தது. வருஷம் 400 பவுன். அதில் பெரும் பகுதியைக் கலேயில் வாங்கிய கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அந்த ஊரை விட்டே கிளம்ப முடிந்தது. பிறகு, 'இந்த ஊருக்குக் கான்சலே தேவையில்லை' என்று அவரே சர்க்காருக்கு எழுதினார். அதைவிட நல்ல இடத்துக்கு மாற்றுவார்கள் என்று நப்பாசை. சர்க்கார் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு 1832-ல் பதவியை எடுத்துவிட்டது!

1835-ல் அவரைச் சிறையில் போட்டார்கள். எந்தச் சிறைக்குப் பயந்து கடல் தாண்டினாரோ அதுவே பிரெஞ்சு பாஷையில் காத்திருந்தது. அவர் வரலாற்றை எழுதிய கேப்டன் ஜெஸ்ஸி ஒரு விவரம் சொல்கிறார். கடைசியில் வண்ணான் கூலி கட்டாமல் பிரம்மல் கறுப்புக் கழுத்துத் துணிக்கு மாறினாராம். எனக்கு என்னவோ சிறையை விட இதுதான் பெரிய தண்டனையாகத் தோன்றுகிறது. 1840-ல் கான் நகரத்துப் பைத்திய ஆஸ்பத்திரியில் காலமானார். ஊர் மலிவாக இருக்கலாம். குடியேறுகிறவன் தன் பழைய தேவைகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தால் ஊர் என்ன செய்யும்?

இனி ஒரு குடும்பத்தின் சமாசாரம். 1834-ல் ஆந்தனி டிராலப் என்ற பையனுக்கு இருபது வயது நிரம்பவில்லை. பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியர். ஒரு நாள் தகப்பனார், 'வண்டியைப் பூட்டி என்னை லண்டனுக்குக் கொண்டு விடு' என்றார். போகிற வழியில்தான் தெரிந்தது, அவர் ஆஸ்டெண்ட் கப்பலுக்குப் போகிறார் என்று. பையன் திரும்பி வந்தபோது வீட்டில் அமீனாக்கள் ஜப்தி செய்துகொண்டிருந்தார்கள். அவனும் அவன் சகோதரிகளும் பீங்கான்களையும் புத்தகங்களையும் வேலி இடுக்கு வழியாக அண்டை வீட்டுக்குக் கடத்தினார்கள். தம் சுயசரிதத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

தகப்பனார் வக்கீலாக இருந்து, பிறகு பண்ணை வைத்து, இரண்டிலும் தோற்றவர். ப்ரூஜில் உட்கார்ந்து மாதாகோயில் சம்பந்தமான சொற்களுக்கு ஒரு கலைக்களஞ்சியம் எழுதிக்கொண்டிருந்தார். குடும்பம் நடந்தது தாயார் பிரான்சஸ் டிராலப்பின் பேனாவால். ஐம்பத்துமூன்றாவது வயதில், 1832-ல், அமெரிக்காவைப் பற்றி எழுதிய முதல் புத்தகத்தாலேயே பெயர் வாங்கியவள் அவள். ப்ரூஜ் வீட்டில் ஒரு மகனுக்குக் க்ஷயம், கணவரும் படுக்கை. பகலெல்லாம் பணிவிடை, அவர்கள் கண்ணயர்ந்த பிறகு நாவல். 1834 டிசம்பரில் மகன் போனான். 1835 அக்டோபரில் கணவர் போனார், கலைக்களஞ்சியம் முடியவில்லை. நாவல்கள் மட்டும் தவறாமல் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன.

பிரம்மலுக்குப் பலிக்காத கணக்கு இவளுக்குப் பலித்ததற்கு ரகசியம் ஒன்றுமில்லை. சம்பாத்தியம் லண்டன் பவுனில். செலவு பெல்ஜியத்துச் சந்தையில். அந்தச் சம்பாத்தியத்துக்கு அவள் கொடுத்தது தன் தூக்கம்.

ப்ரூஜை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினாள். பிற்பாடு வட இங்கிலாந்தில் பென்ரித் பக்கத்தில் சொந்தமாக ஒரு வீடும் கட்டினாள். குளிரும் மழையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. 1843-ல் மூத்த மகனோடு இத்தாலியில் உள்ள பிளாரன்ஸுக்குக் கிளம்பினாள். இந்தத் தடவை பின்னால் அமீனா யாரும் வரவில்லை. அங்கே நண்பர்களை அழைத்துச் சீட்டாடினாள்; எழுதவும் செய்தாள். கடைசி நாவல் 1856-ல் வெளிவந்தது. அப்போது அவளுக்கு வயது 77.