கற்களில் கண்ட வேதம் – 14: கடிதத்தை விரித்து வைத்த ராஜா

யூதாவின் லாகீஸ் கோட்டை வீழ்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வெற்றியை அசீரியப் பேரரசன் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்கி வைத்தான். இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சிற்பங்களில், கழுவேற்றப்பட்ட ஆண்களைக் காணலாம். மூட்டை முடிச்சுகளோடு மாட்டுவண்டியில் நாடு கடத்தப்படும் பெண்களையும் குழந்தைகளையும் காணலாம். கி.மு. 701-ல் அந்தச் செய்தி எருசலேமை எட்டியபோது, அடுத்தது தங்கள் ஊர்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யூதாவின் ராஜா எசேக்கியாவும் நடுங்கினார். கி.மு. 705-ல் சனகெரிப்பின் தந்தை சர்கோன் போர்க்களத்தில் மாண்டதும், கப்பம் கட்ட மறுத்துத் தலைநிமிர்ந்த சிற்றரசர்களில் அவரும் ஒருவர். படை நாட்டுக்குள் புகுந்ததும், தவறு என்னுடையது, கேட்டதைத் தருகிறேன் என்று லாகீசுக்கு ஆள் அனுப்பினார். சனகெரிப் கேட்டது 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். கஜானாவைத் துடைத்தும் போதவில்லை. கர்த்தருடைய ஆலயக் கதவுகளில் தாமே பதித்திருந்த பொன் தகடுகளை உரித்துக் கொடுத்தார். சனகெரிப்பின் களிமண் பட்டயமும் பொன்னை அதே 30 தாலந்து என்றுதான் குறிக்கிறது. வெள்ளியை மட்டும் 800 என்கிறது.

வேதாகமம் இந்தப் பின்வாங்கலை மறைக்கவில்லை. எசேக்கியா என் மனதுக்கு நெருக்கமானவர் ஆனதும் அதனால்தான். பயமே அறியாதவரின் தைரியம் எனக்கு எட்டாதது. பயந்து, தவறான கதவைத் தட்டி, பிறகு சரியான கதவுக்கு வந்தவரின் தைரியம் எனக்கும் வழிகாட்டும்.

கப்பம் வாங்கிக்கொண்ட பிறகும் சனகெரிப் எருசலேமுக்குப் படையை அனுப்பினான். ரப்சாக்கே என்ற அவனுடைய அதிகாரி, மேல்குளத்து வாய்க்கால் ஓரம் வந்து நின்றான். அரமேய மொழியில் பேசும்படி ராஜாவின் ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள். அவனோ, மதிலின் மேல் இருந்த சாதாரண ஜனங்களின் காதில் விழவேண்டும் என்றே யூத பாஷையில் உரக்கக் கத்தினான். இரண்டாயிரம் குதிரை தருகிறேன், ஏறுவதற்கு உங்களிடம் ஆள் உண்டா என்று ஏளனம் செய்தான். எந்த நாட்டுத் தெய்வம் எங்கள் கையிலிருந்து தன் ஜனத்தைத் தப்புவித்தது என்றும் கேட்டான். ராஜா கட்டளையிட்டிருந்தபடி மதிலின் மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பசியும் சாவும் எதிரே நிற்க, பதில் பேசாமல் அந்த இடத்தில் நின்ற பெயர் தெரியாத ஜனங்களின் விசுவாசமும் ராஜாவின் விசுவாசத்துக்குக் குறைந்ததல்ல.

பின்னர் மிரட்டல் கடிதமாகவே வந்தது. எசேக்கியா அதை வாசித்தார். ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருடைய சமுகத்தில் விரித்து வைத்தார். அசீரியர் பல நாடுகளைப் பாழாக்கியது உண்மைதான் என்று ஜெபத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆபத்தைச் சிறிதாக்கிக் காட்டாமல், உள்ளது உள்ளபடி தேவனிடம் ஒப்படைத்தார். பதில் ஏசாயா தீர்க்கதரிசி மூலம் வந்தது.

ஜெபித்த அந்தக் கைகள் சும்மாவும் இருக்கவில்லை. நகருக்கு வெளியே இருந்த கீகோன் ஊற்றின் தண்ணீரை மதிலுக்குள் கொண்டுவர, எசேக்கியாவின் காலத்தில் பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். நீளம் சுமார் 533 மீட்டர். வாட்டம் வெறும் 30 சென்டிமீட்டர் அளவு. இரு முனைகளிலிருந்தும் இரண்டு குழுக்கள் குடைந்து வந்தன. சில முழப் பாறையே மிச்சமிருக்கையில் மறுபக்கத்துத் தோழரின் குரல் கேட்டதையும், உளியோடு உளி சந்தித்ததும் தண்ணீர் பாய்ந்ததையும் கல்லில் பொறித்தார்கள். 1880-ல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜாவின் பெயர் அதில் இல்லை. வெட்டிய தொழிலாளிகளின் குரல்தான் இருக்கிறது.

ஒரே இரவில் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேர் மடிந்தார்கள் என்கிறது வேதம். சனகெரிப்பின் பட்டயமோ, அரண் சூழ்ந்த 46 நகரங்களைப் பிடித்ததாகவும் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் பெருமை பேசுகிறது. எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. கி.மு. 681-ல் அவன் தன் சொந்தப் பிள்ளைகளின் கையாலேயே மாண்டான்.

லாகீசிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆகவே, ஜெபித்தால் மதில் விழாது என்று இந்தச் சரித்திரத்தைச் சூத்திரமாக்க நான் துணியமாட்டேன். கடிதத்தை விரித்தபோது எசேக்கியாவுக்கும் முடிவு தெரியாது. தெரியாமலே விரித்தார் என்பதுதான் விசுவாசம்.

வாசகரே, உங்கள் கையிலும் இன்று ஒரு கடிதம் இருக்கலாம்: மருத்துவ அறிக்கை, கடன் நோட்டீஸ், வேலை போன செய்தி. அதை மடித்து ஒளிக்காதீர்கள். தேவனுக்கு முன் விரித்து வையுங்கள். எழுந்து, வெட்டவேண்டிய வாய்க்காலை வெட்டுங்கள்.

(தொடரும்)