முத்துமாலை அறுந்த சந்து: சூப்பர் ஹீரோ மறுதொடக்கப் படங்களும் மாறிவந்த பார்வையாளர் எதிர்பார்ப்பும்

முன்னுரை

இருண்ட சந்து ஒன்று. கணவன், மனைவி, சிறுவயது மகன் மூவரும் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கியோடு ஒருவன் வழிமறிக்கிறான். குண்டுகள் வெடிக்கின்றன, தாயின் கழுத்திலிருந்த முத்துமாலை அறுந்து முத்துகள் தரையில் உருள்கின்றன. அநாதையாக நிற்கும் அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பேட்மேன். 1989 முதல் ஹாலிவுட் இந்தக் கொலையைப் பலமுறை படமாக்கிவிட்டது. 2022-ல் மேட் ரீவ்ஸ் இயக்கிய 'தி பேட்மேன்' ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுகிறது. ஆனால் அதில் இந்தக் கொலை ஒரு கணம்கூடக் காட்டப்படவில்லை. அதைப் பெரிதாக யாரும் குறையாகச் சொல்லவுமில்லை.

1978-க்கும் 2025-க்கும் இடையே வெளிவந்த சூப்பர் ஹீரோ மறுதொடக்கப் படங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. நாயகன் எப்படி நாயகன் ஆனான் என்று சொல்லும் தோற்றக் கதைக்கு ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் ஒதுக்கியது, அதை எங்கே வைத்தது என்பதே இங்கு அளவுகோல். பார்வையாளருக்கு என்ன தெரியும் என்று படைப்பாளர் கணித்தார் என்பதை அந்த நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சொல்லும் கருத்தும்

தொடர்ச்சிப் படம் முந்தைய கதையை நீட்டிக்கிறது. மறுஆக்கம் ஒரே படத்தைத் திரும்ப எடுக்கிறது. மறுதொடக்கம் முந்தைய படங்களில் நடந்தவற்றைத் தள்ளிவிட்டு, அதே பாத்திரத்தைக் கொண்டு கணக்கைப் புதிதாக எழுதுகிறது. 'ரீபூட்' என்ற சொல் கணினித் துறையில் பிறந்தது. செயல் மட்டும் காமிக்ஸ் உலகுக்கு முன்பே பழக்கமானது. அரை நூற்றாண்டுக் கதைகள் ஒன்றோடொன்று முரண்பட்டுக் குவிந்தபோது, 1985–86-ல் டி.சி. நிறுவனம் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற தொடரின் வழியே தன் பிரபஞ்சத்தை ஒழுங்குபடுத்தியது. அதையடுத்து ஜான் பைர்ன் சூப்பர்மேனின் தொடக்கத்தையும் ஃபிராங்க் மில்லர் பேட்மேனின் தொடக்கத்தையும் புதிதாக எழுதினார்கள்.

இந்த ஆய்வுக்கு இரண்டு சிந்தனையாளர்கள் துணை. சூப்பர்மேன் குறித்து 1962-ல் எழுதிய உம்பர்த்தோ எகோ, தொன்மத்தின் நாயகனையும் நாவலின் நாயகனையும் வேறுபடுத்தினார். தொன்மத்தின் கதை கேட்பவருக்கு முன்பே தெரியும். நாவலில் அடுத்து என்ன நடக்கும் என்பதே ஈர்ப்பு. சூப்பர் ஹீரோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என்பது எகோவின் கணிப்பு. விடிய விடியக் கூத்துப் பார்த்த நமக்கு இது எளிதில் விளங்கும். திரௌபதியின் துகிலை உரிவார்கள் என்பது தெரிந்தேதான் ஊர் அங்கே கூடுகிறது. இந்த வாத்தியார் அதை எப்படி ஆடுகிறார் என்பதுதான் பேச்சு. இரண்டாமவர், கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ். வாசகர் ஒவ்வொரு படைப்பையும் ஓர் எதிர்பார்ப்பின் தொடுவானத்தோடு அணுகுகிறார், புதிய படைப்பு அந்தத் தொடுவானத்தையே நகர்த்துகிறது என்று 1967-ல் அவர் வாதிட்டார்.

முதல் கட்டம்: அறிமுகம் (1978–1997)

தோற்றக் கதை எல்லா நாயகர்களுக்கும் ஆதியிலேயே இருந்ததன்று. 1939-ல் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழில் அறிமுகமான பேட்மேனுக்கு முதலில் பின்கதையே கிடையாது. 33-ஆம் இதழில்தான் பெற்றோர் கொலை இரண்டே பக்கங்களில் சொல்லப்பட்டது. 1943-ல் வந்த 15 பகுதித் திரைத்தொடரில் பேட்மேன் ஜப்பானிய உளவாளியோடு மோதும் அரசு முகவர். அவன் காயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

காயத்தைக் கேட்கவைத்தது ரிச்சர்ட் டோனரின் 'சூப்பர்மேன்' (1978). கிரிப்டான் கோளின் அழிவு, கன்சாஸ் பண்ணையில் வளர்ப்பு, தந்தையின் மரணம் எல்லாம் முடிந்து கிறிஸ்டஃபர் ரீவ் நீல உடையில் தோன்ற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காமிக்ஸ் படிக்காத பெருங்கூட்டத்துக்கு அந்த அறிமுகம் தேவைப்பட்டது. 

டிம் பர்ட்டன் 'பேட்மேன்' (1989) எடுக்கத் தொடங்கியபோது வேறொரு கூட்டம் வெளிப்பட்டது. நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட மைக்கேல் கீட்டன் பேட்மேனா என்று கொதித்த ரசிகர்களிடமிருந்து வார்னர் பிரதர்ஸுக்குச் சுமார் 50,000 கடிதங்கள் வந்ததாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. படம் வெளியாகி உலகெங்கும் 41 கோடி டாலர் ஈட்டியது. கடிதக் கூட்டத்தைவிடத் திரையரங்குக் கூட்டம் பெரியது என்று ஸ்டுடியோ புரிந்துகொண்டது. காமிக்ஸில் பெற்றோரைக் கொன்றவன் சில்லறைத் திருடன். பர்ட்டன் அந்தக் கொலையை இளவயது ஜோக்கரின் கையில் கொடுத்தார். மூலத்தை மாற்றினாலும் படம் ஓடும் என்ற அந்தத் துணிச்சல், ஜோயல் ஷூமாக்கரின் 'பேட்மேன் & ராபின்' (1997) படத்தில் பொம்மைக் கடை விளம்பரமாகத் தேய்ந்தது. வசூலும் 24 கோடி டாலர் அளவுக்குச் சரிந்தது.

இரண்டாம் கட்டம்: திருத்தம் (2002–2012)

கிறிஸ்டஃபர் நோலனின் 'பேட்மேன் பிகின்ஸ்' (2005) அந்தச் சரிவுக்கு விடையாக வந்தது. அதில் பேட்மேன் உடையில் கிறிஸ்டியன் பேலைப் பார்க்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சந்துக் கொலைக்கு முன்னால் ஓர் இசைநாடக அரங்கு வருகிறது. மேடையில் வௌவாலை நினைவூட்டும் உருவங்களைக் கண்டு மிரண்ட சிறுவன், வெளியே போகலாம் என்று தந்தையிடம் கேட்கிறான். அதனால்தான் அவர்கள் சந்துக்கு வருகிறார்கள். தெரிந்த காட்சிக்குள் புதிதாக ஒரு குற்ற உணர்வு நுழைந்தது. பார்வையாளரும் நீண்ட தோற்றக் கதையைப் பொறுத்துக்கொண்டார். 37 கோடி டாலர் பெரிய வசூலன்று. ஆனால் பறிபோன நம்பிக்கையை அது மீட்டது. அடுத்து வந்த 'தி டார்க் நைட்' (2008) 100 கோடியைத் தாண்டியது.

அதே ஆண்டில் வேறொரு விடையும் கிடைத்தது. ஆங் லீயின் 'ஹல்க்' (2003) வெளிவந்து ஐந்தே ஆண்டுகளில் 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' வந்தது. ஆய்வுக்கூட விபத்து, காதலிக்கு நேர்ந்த காயம், தலைமறைவு ஆகிய அனைத்தையும் லூயி லெட்டெரியே பெயர் ஓடும் சில நிமிடங்களுக்குள் முடித்துவிட்டார். பார்வையாளருக்கு இது தெரியும் என்று ஒரு மறுதொடக்கப் படம் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தொடக்கத் தருணங்களுள் இது ஒன்று.

ஸ்பைடர்மேன் அந்தப் பாடத்தைப் பின்பற்றவில்லை. சாம் ரெய்மியின் முதல் படம் (2002) அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம். தமிழ் உட்படப் பல மொழிகளில் குரல் சேர்க்கப்பட்டு வந்த அந்தப் படமே, காமிக்ஸ் படிக்காத கோடிக்கணக்கானவர்களுக்கு மூலநூல் ஆயிற்று. நான்காம் பாகம் 2010-ல் கைவிடப்பட்டது. குறித்த காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் திரைப்பட உரிமை காமிக்ஸ் நிறுவனமான மார்வெலுக்கே திரும்பிவிடும் என்பதால் அதை வைத்திருந்த சோனி நிறுவனத்தால் காத்திருக்க முடியவில்லை. மார்க் வெப்பின் 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' (2012) சிலந்திக் கடியையும் நாயகனை வளர்த்த பென் மாமாவின் மரணத்தையும் மறுபடி முழுதாகச் சொன்னது. ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் நடிப்பைப் பலரும் மெச்சினார்கள். ஆனாலும் இதைத்தான் பார்த்தாயிற்றே என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. ரெய்மியின் மூன்றாம் படம் ஈட்டிய 89 கோடி டாலர், 2012-ல் 75 கோடியாகவும் 2014-ல் வந்த அதன் தொடர்ச்சியில் 70 கோடியாகவும் இறங்கியது.

இடைவெளி குறைவு என்பதே அப்போது பலர் சொன்ன காரணம். அது முழு விளக்கம் ஆகாது. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2015-ல் புதிதாக வந்தது. படத்தின் ஏறத்தாழப் பாதி வரை சக்தி பெறும் கதையே ஓடியது. 17 கோடி டாலர்கூடத் தேறவில்லை. அடுத்த ஸ்பைடர்மேனான டாம் ஹாலண்டோ கார்ஃபீல்டின் கடைசிப் படத்துக்கு இரண்டே ஆண்டுகளில் வந்து வெற்றி பெற்றார். குறுந்தகடும் பின்னர் இணையத் திரையும் எல்லாப் பதிப்புகளையும் ஒரே அலமாரியில் அடுக்கிவிட்ட காலத்தில், மறதிக்கு எத்தனை ஆண்டு கொடுத்தாலும் போதாது.

மூன்றாம் கட்டம்: விடுபாடு (2016–2025)

சோனியும் மார்வெலும் 2015-ல் உடன்பாடு செய்துகொண்ட பிறகு, ஹாலண்டின் ஸ்பைடர்மேன் ஏற்கெனவே சக்தி பெற்றவனாகவே அறிமுகமானான். 'ஹோம்கமிங்' (2017) படத்தில் சிலந்திக் கடி நண்பனோடான பேச்சில் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. பென் மாமாவின் மரணம் காட்டப்படவே இல்லை. 'இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) ஒருபடி மேலே போய், ஒவ்வொரு ஸ்பைடர்மேனும் தன் வரலாற்றை ஒரே அச்சில் ஒப்பிப்பதையே நகைச்சுவை ஆக்கியது.

விடுபட்டது வேறிடத்தில் ஈடுசெய்யப்பட்டதா என்பதே இங்கு கேள்வி. 'நோ வே ஹோம்' (2021) ஹாலண்ட் அந்த உடையில் தோன்றும் ஆறாவது படம். அதில்தான் ஸ்பைடர்மேனை வளர்த்த மே அத்தை இறக்கிறாள். பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வரும் என்ற, பென் மாமாவோடு சேர்த்தே நாம் அறிந்த அறிவுரையை அவள்தான் சொல்கிறாள். தோற்றக் கதை நீக்கப்படவில்லை, ஐந்து படங்கள் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அதே படத்தில் உயரத்திலிருந்து விழும் நாயகனின் காதலி எம்.ஜே.யை, வேறொரு பிரபஞ்சத்திலிருந்து வந்த கார்ஃபீல்டின் ஸ்பைடர்மேன் பாய்ந்து பிடிக்கிறான். தரையிறங்கியதும் நன்றாக இருக்கிறாயா என்று அவள் அவனிடம் கேட்கிறாள். அவன் கண் கலங்குகிறது. 2014-ல் அவன் கைக்கு எட்டாமல் இறந்த காதலி குவென் ஸ்டேசியை நினைவில் வைத்திருப்பவருக்கே அந்தக் கண்ணீர் விளங்கும். தோல்வி என்று மூடப்பட்ட தொடர், ஏழு ஆண்டுகள் கழித்து உணர்ச்சி முதலீடாகத் திரும்பியது. வசூல் ஏறத்தாழ 190 கோடி டாலர்.

நினைவு மட்டுமே போதுமா? 'தி ஃபிளாஷ்' (2023) கீட்டனையே மீண்டும் பேட்மேனாக அழைத்து வந்தது. ஒருகாலத்தில் கடிதம் எழுதி எதிர்க்கப்பட்டவர், இப்போது விளம்பரத்தின் முகம். படம் உலகெங்கும் 27 கோடி டாலரோடு நின்றது. கார்ஃபீல்டின் காட்சியில் பழைய காயம் ஒன்று ஆறியது. கீட்டனின் வருகையில் ஆறவேண்டிய காயம் எதுவுமில்லை.

இந்த வேறுபாட்டை 'தி பேட்மேன்' மிகச் சுருக்கமாகக் காட்டுகிறது. கோத்தம் நகர மேயர் கொலையான வீட்டில் காவலர்கள் தடயம் தேடுகிறார்கள். உடலை முதலில் கண்டது அவருடைய சிறுவயது மகன். ராபர்ட் பேட்டின்சனின் பேட்மேன் வெளியேறும்போது அந்தச் சிறுவனைப் பார்த்து நிற்கிறான். வசனம் இல்லை, முத்துமாலை இல்லை. சந்தில் நடந்ததை அந்தப் பார்வைக்குள் நாமே நிரப்பிக்கொள்கிறோம். ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' (2025) முன்கதையைத் திரையில் சில வரிகளாக எழுதிக் காட்டிவிட்டு, நாயகன் முதன்முறையாகத் தோற்று வீழ்ந்த நொடியில் தொடங்குகிறது. 1978-ல் முக்கால் மணி நேரம் எடுத்தது இப்போது வாசித்து முடிக்கும் நேரத்துக்குள் அடங்கிவிட்டது.

முடிவுரை

இந்த ஒப்பீடு மூன்று உண்மைகளைத் தருகிறது. முதலாவது, தோற்றக் கதைக்கான நேரம் சுருங்கிய வரலாறு, பார்வையாளரின் அறிவு பெருகிய வரலாறும் ஆகும். இரண்டாவது, இடைவெளியின் நீளம் ஒரு மறுதொடக்கத்தின் வெற்றியை முடிவுசெய்வதில்லை. மூன்றாவது, பார்வையாளர் நிகழ்ச்சியைத் தவிர்க்க அனுமதிக்கிறார், இழப்பைத் தவிர்க்க அனுமதிப்பதில்லை. சந்துக் கொலையைக் காட்டாமல் விட்ட படம், அந்தச் சிறுவனை வேறு எங்காவது நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது.

எகோ கண்ட இழுபறியில் தொன்மத்தின் கை ஓங்கியிருப்பதை இது உணர்த்துகிறது. அடுத்த பேட்மேன் யாராக இருந்தாலும், அவன் பெற்றோர் எப்படி இறந்தார்கள் என்று அரங்கில் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அறுந்த மாலையின் முத்துகள் ஏற்கெனவே அவர்கள் மடியில் இருக்கின்றன.