வரைந்த பேய்க்கு யார் பயப்படுவார்?

"கார்ட்டூனைப் பார்த்து எவனாவது பயப்படுவானா?" அனிமேவில் திகில் என்று பேச்செடுத்தாலே பேய்ப்பட ரசிகர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கிண்டலாகக் கேட்டாலும் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1998ல் வந்த ஹிதேயோ நகாதாவின் "ரிங்கு" படத்தில் சடாகோ டிவிப் பெட்டிக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வருவாள். அந்த டிவி எல்லா வீட்டிலும் இருக்கிற டிவி. அவள் கை ஊன்றுகிற தரை நிஜத் தரை. படம் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் தங்கள் டிவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அனிமேவிலோ டிவியும் பொய், தரையும் பொய், கையும் பொய். எல்லாமே ஒரே பென்சிலில் பிறந்தவை. பார்க்கிறவருக்கு அது முதல் நொடியிலேயே தெரியும். தெரிந்த பிறகு பயம் எங்கிருந்து வரும்?

ஜப்பானில் இந்தக் கேள்வி அனிமேவுக்கும் முந்தியது. 1930களில் அங்கே தெருத்தெருவாக "கமிஷிபை" நடந்தது. காகித நாடகம் என்று சொல்லலாம். சைக்கிளின் பின்னால் சின்ன மரச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். இரண்டு கட்டைகளைத் தட்டி ஓசை எழுப்புவார். பிள்ளைகள் ஓடி வந்து மிட்டாய் வாங்குவார்கள். மிட்டாய் விற்ற காசுதான் அவருக்கு வருமானம், கதை இலவசம். உலகப் பொருளாதாரச் சரிவில் வேலையிழந்த பலர் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். படங்கள் வரைந்த அட்டைகள் சட்டத்துக்குள் அடுக்கியிருக்கும். கதை சொல்லிக்கொண்டே ஒவ்வோர் அட்டையாக உருவுவார். இதில்தான் சூட்சுமம். அட்டையை ஒரேயடியாக உருவ மாட்டார்கள். பாதி இழுத்து நிறுத்துவார்கள். அடுத்த படத்தில் ஒரு கை மட்டும் தெரியும். யாருடைய கை? பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மீதியை உருவுவார்கள். அந்தப் படங்களில் எதுவும் அசையவில்லை, ஆனால் பிள்ளைகள் பயந்தார்கள்.

இப்படித் தெருவில் ஓடிய கதைகளில் ஒன்று 1933ல் வந்த "ஹகாபா நோ கிதாரோ". ஹகாபா என்றால் இடுகாடு. செத்துப்போன தாயின் வயிற்றிலிருந்து இடுகாட்டில் பிறந்த பையனின் கதை. போருக்குப் பிறகு 1950களில் கமிஷிபைக்குப் படம் வரைந்து பிழைத்தவர்களில் ஷிகெரு மிசுகியும் ஒருவர். ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பசிபிக் கடலில் நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டு, குண்டுவீச்சில் இடது கையை இழந்து திரும்பியவர். மிச்சமிருந்த வலது கையால் அவர் அந்த இடுகாட்டுப் பையனை மறுபடி வரைந்தார். 1960ல் வாடகைப் புத்தகங்களாக வந்த அவருடைய கிதாரோவைப் பார்த்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். அப்பாவின் உடல் அழுகிப்போக, ஒற்றைக் கண் விழி மட்டும் உயிரோடு உருண்டு எழுந்து மகனைக் காக்க வருகிறது!

இதற்கிடையில் 1953ல் ஜப்பானில் டிவி ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் டிவிக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் "மின்சார கமிஷிபை". மின்சார கமிஷிபை நிஜ கமிஷிபையைச் சாப்பிட்டது. மிட்டாய்க்காரர்கள் காணாமல் போனார்கள். 1968 ஜனவரியில் கிதாரோவும் டிவிக்கு வந்தான், ஆனால் வேறு பெயரில். "இடுகாடு" என்ற சொல் தலைப்பில் இருந்தால் விளம்பரதாரர் கிடைப்பது கஷ்டம். அதனால் "கெகெகே நோ கிதாரோ" ஆனான். பெயர் மட்டுமா மாறியது? அருவருப்பான பையன் நல்ல பையனானான். கெட்ட பூதங்களிடமிருந்து மனிதர்களைக் காப்பாற்றினான். கண் விழி அப்பா தேநீர்க் கிண்ணத்தில் குளிக்கும் செல்லத் தாத்தா ஆனார். மாலையில் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர் அந்தப் பிள்ளைகள் ராத்திரி அலறி எழுவதை விரும்புவாரா? அனிமேவில் பயம் இல்லை என்று சொல்கிறவர்கள் ஓவியத்தைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலான நேரம் குற்றவாளி கணக்குப் புத்தகம்தான். இடுகாட்டுப் பெயரோடு, அந்தப் பழைய முகத்தோடு, கிதாரோ டிவிக்கு வர 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பெரியவர்களுக்கான நள்ளிரவு நேரத்தில்.

கணக்குப் புத்தகம் இன்னொரு வேலையும் செய்தது. இது கொஞ்சம் வேடிக்கையானது. 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் "அஸ்ட்ரோ பாய்" தொடங்கியபோது வாரம் ஓர் அத்தியாயம் முடித்தாக வேண்டும், காசோ குறைவு. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படச்சுருளில் ஒரே ஓவியத்தை மூன்று மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 8 ஓவியத்தில் ஒப்பேற்றினார்கள். பல இடங்களில் அதுகூட இல்லை. முகம் அப்படியே நிற்கும், வாய் மட்டும் அசையும். சிக்கனத்துக்காக வந்த இந்த வழக்கம் பின்னாளில் திகில் இயக்குநர்களுக்குப் புதையலாகிவிட்டது. உயிருள்ள நடிகரால் முழுக்க அசையாமல் இருக்க முடியாது. கண் துடிக்கும், மார்பு ஏறி இறங்கும். வரைந்த முகத்தால் முடியும். மூச்சே இல்லாமல் பத்து நொடி ஒருத்தி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால்? பிணம் மாதிரி இருக்கும். அது உண்மையில் பிணமும் இல்லை, உயிரும் இல்லை, காகிதம். பேய்க்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

1980களில் வீடியோ கேசட் வந்ததும் டிவி விளம்பரதாரர் தொல்லை நீங்கியது. கடையில் வாங்குகிறவரிடம் நேரடியாக விற்கலாம். உடனே ரத்தம், குடல், கொம்பு, விழுதுகள் என்று பொங்கி வழிந்தது. யோஷியாகி கவாஜிரியின் "விக்கெட் சிட்டி" (1987) மாதிரிப் படங்களில் ஓவியம் அபாரம். ஆனால் அவற்றைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அதிகம், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவர்கள் குறைவு. அருவருப்பு வேறு, பயம் வேறு.

அப்புறம் ஒரு நிலநடுக்கம் வந்தது. 1995 ஜனவரி 17, கோபே. யோஷிகாசு தகேயுச்சியின் "பெர்ஃபெக்ட் ப்ளூ" நாவலை நடிகர்களை வைத்து எடுப்பதாகத் திட்டம் இருந்தது. நிலநடுக்கத்தில் தயாரிப்பு நிலையம் சேதமடைந்து, பணம் சுருங்கி, கடைசியில் அனிமேவாக எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். அதாவது முதல் தேர்வே அனிமே இல்லை! மேட்ஹவுஸ் நிறுவனம் எடுத்தது. அதுவரை ஒரு படமும் இயக்கியிராத சதோஷி கோனிடம் பொறுப்பு வந்தது. 1997ல் மாண்ட்ரியல் திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள்.

இதில் பேயே கிடையாது. மீமா ஒரு பாப் குழுவில் பாடுகிறவள். பாட்டை விட்டுவிட்டு நடிக்கப் போகிறாள். இணையத்தில் "மீமாவின் அறை" என்று ஒரு பக்கம் இருப்பது அவளுக்குத் தெரிய வருகிறது. அவள் பெயரில் யாரோ தினமும் நாட்குறிப்பு எழுதுகிறார்கள். இன்று என்ன வாங்கினாள் என்பதில் தொடங்கி, ரயிலிலிருந்து இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பாள் என்பது வரை சரியாக இருக்கிறது. அவளுக்கோ கம்ப்யூட்டரைத் தொடக்கூடத் தெரியாது, இன்னொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முதலில் சிரிக்கிறாள். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுபோகிறது. போகப் போக, பழைய பாடகி உடையில் இன்னொரு மீமா கண்ணாடியிலும் ஜன்னலிலும் தெரியத் தொடங்குகிறாள், "நான்தான் நிஜம்" என்கிற பாவனையில். ஃபேஸ்புக்கும் செல்ஃபியும் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் எடுத்த படம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

கோன் செய்த காரியம் என்னவென்றால், மேலே சொன்ன "எல்லாமே ஒரே பென்சிலில் பிறந்தவை" என்ற குறையையே ஆயுதமாக்கிக்கொண்டார். நடிகர்கள் நடிக்கும் படத்தில் ஓர் உருவம் காற்றில் மிதந்தால், எது நடிகை, எது கிராஃபிக்ஸ் என்று கண் பிரித்துவிடும். பிரித்த நிமிஷமே பாதி பயம் போய்விடும். இங்கே பிரிக்க வழியில்லை. மீமாவும் அதே கோடு, அவள் பிரமையும் அதே கோடு. ஒரு காட்சி நடக்கிறது, அது அவள் நடிக்கும் தொடரின் படப்பிடிப்பு என்று தெரிகிறது, அடுத்த கணம் அவள் படுக்கையில் விழிக்கிறாள், அந்த விழிப்பும் நிஜமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே தையல் தெரியவே இல்லை. தெருவிளக்குகள் மேல் தாவித் தாவிப் போகும் அந்தப் போலி மீமாவுக்கு எடையே இல்லை. கடைசித் துரத்தலில் கோன் ஒரே ஒரு தடவை தையலைப் பிரித்துக் காட்டுகிறார். துள்ளிக் குதித்து வருகிற உருவம் கடைக் கண்ணாடியைக் கடக்கும்போது, கண்ணாடியில் வேறொருவர் மூச்சிரைக்க ஓடிவருவது தெரிகிறது. யார் என்று இங்கே சொல்வது பாவம். பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கம் வராமல் நடிகர்களை வைத்தே எடுத்திருந்தால் இந்த ஒரு காட்சி இந்த மாதிரி வந்திருக்காது.

கோன் 2010ல் 46 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். முடித்த முழுநீளப் படங்கள் நான்குதான்.

1998ல் வந்த "சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெய்ன்" தொடர் இன்னும் அமைதியானது. வெயிலில் வெளுத்த தெரு, இரைந்துகொண்டே இருக்கும் மின்கம்பிகள், ரத்தத் திட்டு மாதிரி நிழல்கள். எழுதியவர் சியாகி கோனகா, ஜப்பானியப் பேய்ப்படங்களின் புது அலைக்கு முன்னோடிகளில் ஒருவர். பேயை முழுசாகக் காட்டாதே என்பது அவர் கட்சி.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் கணக்கு நேராகாது. 2000ல் "கக்கோ நோ கைதான்" என்று ஒரு தொடர் வந்தது. பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் பேய்களோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள். 2005ல் அமெரிக்காவின் ஏடிவி நிறுவனம் இதை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது, பெயர்களையும் கதையின் எலும்புக்கூட்டையும் விட்டுவிட்டு வசனத்தைத் தலைகீழாக மாற்றி முழுக் கலாட்டா ஆக்கிவிட்டார்கள். ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. அதே பேய், அதே இருட்டு, ஆனால் பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியானால் அந்தப் பயத்தில் எவ்வளவு படத்தில் இருந்தது, எவ்வளவு குரலில் இருந்தது? சடாகோவுக்கு இதைச் செய்து பார்த்தால் அவளும் தப்பிப்பது சந்தேகம்தான்.

2013ல் டிவி டோக்கியோவில் "யமிஷிபை" தொடங்கியது. ஒரு கதை ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முகமூடி போட்ட ஒருவர் மரச் சட்டத்தோடு வந்து உட்காருகிறார், பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். காகிதத்தில் வெட்டி ஒட்டின மாதிரி உருவங்கள், அசைவு மிக மிகக் குறைவு. எண்பது வருஷம் சுற்றிவிட்டு மறுபடி மிட்டாய்க்காரரிடமே வந்து நின்றார்கள்! செலவும் குறைவு, பயமும் உண்டு. அதனால் ஒரு சுற்றோடு நிற்காமல் பல சுற்றுகள் ஓடியது.

எதிர்த்திசையில் போய் அடிவாங்கிய கதை ஜுன்ஜி இதோவுடையது. பல் தொழில்நுட்பராக வேலை பார்த்து, பிறகு மங்கா வரைய வந்தவர். 1998-99ல் அவர் வரைந்த "உஸுமாகி", சுழி வடிவம் ஓர் ஊரையே பித்துப்பிடிக்க வைக்கும் கதை. பக்கத்தைத் திருப்பினால்தான் கோரம் தெரியும்படி அதை அமைப்பதில் இதோ மன்னர். திருப்புகிற விரல் படிக்கிறவருடையது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே திருப்புவார்கள். திரையில் அந்த விரலுக்கு வேலை இல்லை, நேரம் இயக்குநர் கையில் போய்விடுகிறது. 2018ல் வந்த "ஜுன்ஜி இதோ கலெக்‌ஷன்" தொடர் பல ரசிகர்களுக்கு ஏமாற்றமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவருடைய ஆயிரம் நுண்கோடுகளை வண்ணம் பூசித் தட்டையாக்கியது இன்னொன்று.

அதனால்தான் ஹிரோஷி நகஹாமா "உஸுமாகி"யைக் கறுப்பு வெள்ளையிலேயே, அந்தக் கோடுகளோடு எடுக்கிறார் என்று 2019ல் அறிவிப்பு வந்தபோது அத்தனை எதிர்பார்ப்பு. நான்கே அத்தியாயம், ஐந்து வருஷக் காத்திருப்பு. 2024 செப்டம்பர் 28 அன்று முதல் அத்தியாயம் வந்தது. மங்கா மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். அடுத்த வாரம் இரண்டாவது வந்தது. நடை மரக்கட்டை, முகங்கள் கோணல். பயப்பட வேண்டிய இடங்களை வெட்டி ஒட்டி இணையத்தில் கேலி செய்தார்கள். தயாரிப்பாளர்களில் ஒருவர் பொதுவெளியிலேயே நிலைமையைச் சொன்னார். ஒன்றையும் வெளியிடாமல் நட்டத்தில் எழுதிவிடுவது, முதல் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்வது, குறைகளோடு நான்கையும் வெளியிடுவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே கதை, ஒரே பாணி, ஏழு நாள் இடைவெளியில் ஒன்று குலைநடுங்க வைத்தது, ஒன்று சிரிக்க வைத்தது. இடையில் குறைந்துபோனது ஆட்களின் உழைப்பு நேரம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு படத்தைச் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான். கடையில் அதைத் திகில் வரிசையில் வைக்க மாட்டார்கள். 1983ல் மேட்ஹவுஸ் எடுத்த "பேர்ஃபுட் கென்". ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பையனாக இருந்து தப்பிய கெய்ஜி நாகஸாவா, தன் கதையை மங்காவாக வரைந்து, படத்துக்குத் திரைக்கதையும் தானே எழுதினார். பாத்திரங்களுக்கு உருண்டைக் கண், தடித்த புருவம், வாய்விட்டுச் சிரிப்பு. முதல் அரைமணி நேரம் சாதாரணச் சிறுவர் படம் போலவே போகும். பிறகு காலை எட்டேகால். வண்ணங்கள் மறைகின்றன. பலூன் பிடித்திருந்த ஒரு சின்னப் பெண் நின்ற இடத்திலேயே உருகுகிறாள். குழந்தையைக் கட்டிப்பிடித்த தாய், நாய், ஒவ்வொருவராக, மெதுவாக. அதுவரை பார்த்த அதே கார்ட்டூன் கோட்டில். அப்புறம் இடிந்த வீட்டுக்குள் சிக்கிய அப்பாவும் அக்காவும் தம்பியும், நெருங்கி வரும் தீயும். நாகஸாவாவின் அப்பாவும் அக்காவும் தம்பியும் செத்ததும் அதே நாளில்தான்.

அன்று ஹிரோஷிமா தெருக்களில் கேமராவோடு நடந்தவர் யோஷிட்டோ மட்சுஷிகே என்ற செய்தித்தாள் புகைப்படக்காரர். கையில் ஃபிலிம் இருந்தது. பல மணி நேரம் சுற்றினார். கண்ணெதிரே இருந்ததைப் படமெடுக்க மனம் வராமல் பல இடங்களில் கேமராவைத் தாழ்த்திவிட்டார். அந்த நாளில் அவர் எடுத்தது ஐந்தே படங்கள்.