உலு கெரோவின் பத்மம்



வகுப்பில் ‘ஒட்டுண்ணி’ என்னும் சொல்லை இதுவரை இகழ்ச்சியாகவே விளக்கி வந்தேன். கோப்பெங்கிற்குக் கிழக்கே மலைச்சாரலில் உள்ள உலு கெரோவுக்குச் சென்று வந்தபின் அவ்வாறு சொல்ல நாக் கூசுகிறது.

அங்கே பூப்பது ரஃப்லேசியா காண்ட்லேயி. இதற்கு இலையில்லை, தண்டில்லை, வேருமில்லை. நம் பிரண்டையின் குடும்பத்தைச் சேர்ந்த டெட்ராஸ்டிக்மா என்னும் காட்டுக்கொடிக்குள் நூலிழைகளாய் வாழ்ந்து, பூக்கும்போது மட்டுமே வெளிவருகிறது. மொட்டு முதிர ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகும். மலர்ந்த பூவோ ஒரு வாரத்தில் கருகிவிடும். அழுகிய இறைச்சியின் வாடையால் ஈக்களை வரவழைத்து மகரந்தத்தைக் கடத்துகிறது.

இதன் பெயர்களே ஒரு வரலாறு. 1818-இல் சுமத்திராவின் பெங்கூலுக் காட்டில், ரஃபிள்ஸின் பயணக் குழுவிலிருந்த மருத்துவர் ஜோசப் ஆர்னால்டை, ‘பெரிய பூவொன்று இருக்கிறது, வாருங்கள்’ என்று அழைத்துச் சென்றவர் ஒரு மலாய்ப் பணியாள். அதே ஆண்டில் ஆர்னால்டு காய்ச்சலால் இறந்தார். பின்னர் இராபர்ட் பிரவுன் அப்பூவுக்கு ரஃபிள்ஸ், ஆர்னால்டு இருவர் பெயரையும் சூட்டினார். நம் பேராக் மலர், 1880-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த காண்ட்லியின் பெயரைத் தாங்குகிறது. முதலில் கண்ட பணியாளின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

மலாய் மக்கள் இதனைப் ‘பாக்மா’ என்பர். ஜாவானியர் ‘பத்மா’ என்பர். ஆம், நாம் பதுமம் என்று வழங்கும் அதே தாமரைதான்!

முன்பு உலு கெரோவின் செமாய் மக்கள் மொட்டுகளைப் பறித்து மருந்துக்காக விற்றனர். 2000-களில் மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு அவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர்.

இம்மலரைத் தோட்டத்தில் வளர்ப்பது எளிதன்று. 2010-இல் இந்தோனேசியாவின் போகோர்ப் பூங்காவில், ஒட்டுக்கட்டிய கொடியில் ரஃப்லேசியா பத்மா மலர்ந்தது. அதற்குப் பல ஆண்டுப் பொறுமை தேவைப்பட்டது. கொடியை அறுத்தால் பூவும் அழியும். நம் பாட்டன்மார் துரைகளின் ஆணைப்படி காடு வெட்டி இரப்பர் நட்ட நாள்களில் இத்தகைய கொடிகள் எத்தனை அறுபட்டனவோ!

உலு கெரோ செல்வோர் செமாய் வழிகாட்டியுடனே செல்லுங்கள். காலடியில் மொட்டிருக்கும், பார்த்து நடங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பெயரெழுதப்படாத அந்தப் பணியாளின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.