பிரிமிட்டிவ்: ஒரு சொல்லின் அரசியல்

'பிரிமிட்டிவ்' என்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் 'வளர்ச்சியடையாத', 'நாகரிகமற்ற', 'கரடுமுரடான' என்று அர்த்தம் போட்டிருக்கும். அதன் லத்தீன் வேரைத் தேடிப்போனால் 'ப்ரீமுஸ்'. அதற்கு 'முதல்' என்றுதான் பொருள். முதலில் வந்தது எப்படி மட்டமானதாக ஆச்சு? தோழர்களே, இது இலக்கணப் பிரச்சினை இல்லை, அதிகாரத்தின் பிரச்சினை.

இங்கிலாந்திலேயே இந்தச் சொல் ஒரு காலத்தில் கவுரவமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கக் கூலிகளும் பண்ணைக் கூலிகளும் பெருமளவில் சேர்ந்த ஒரு சபை, தனக்குத் தானே 'பிரிமிட்டிவ் மெதடிஸ்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டது. ஆதித் தூய்மைக்குத் திரும்புகிறோம் என்பது அதன் பொருள். அதே சொல்லைக் காலனிய அறிவு கையில் எடுத்தபோது கதை மாறியது. 1871ல் எட்வர்ட் டைலர் 'பிரிமிட்டிவ் கல்ச்சர்' நூலை வெளியிட்டார். மனிதர்களைப் படிக்கட்டில் நிறுத்துகிற பார்வை அது. மேல்படியில் ஐரோப்பியன், கீழ்ப்படியில் காட்டுவாசி. இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்ததும் அதே 1871ல்தான். ஆண்டு ஒத்துப்போனது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒரு கூட்டத்தையே பிறப்பை வைத்து எடைபோடுகிற புத்தி இரண்டிலும் இருந்தது. படிக்கட்டுச் சமூகம் நமக்கொன்றும் புதுசில்லையே!

ஹட்டன் நடத்திய 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பழங்குடிகளைப் 'பிரிமிட்டிவ்' என்றே வகைப்படுத்தியது. வெள்ளைக்காரன் போனான், சொல் போகவில்லை. 1965ல் லோகூர் குழு பழங்குடி யார் என்று தீர்மானிக்க ஐந்து அளவுகோல்கள் வைத்தது. அதில் ஒன்று 'பிரிமிட்டிவ்' கூறுகள். இன்னொன்று வெளிச் சமூகத்தோடு பழகக் கூச்சம். யார் கூச்சப்பட்டது? ஊருக்குள் விடாமல் ஏரிக்கரையில் ஒதுக்கி வைத்தவனுக்குக் கூச்சமில்லையாம், ஒதுங்கிக் கிடந்தவனுக்குத்தான் கூச்சமாம். 1975ல் 'பிரிமிட்டிவ் பழங்குடிக் குழுக்கள்' என்று தனிப் பட்டியலே போட்டார்கள். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகங்கள் அதில் உண்டு. 2006ல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'மிகவும் நலிவுற்ற' என்று மாற்றினார்கள். பட்டியலின் பெயர் மாறியதே தவிர, லோகூர் அளவுகோல் அப்படியே கிடக்கிறது.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். இருளர் குடியிருப்புகளில் சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலையைச் சில வருஷமாகச் செய்கிறேன். ஒரு ஆபீசில் பேன்ட் சட்டை போட்டு வந்த காலேஜ் பையனைப் பார்த்து, "நீ எப்படிடா இருளன்? எலி பிடிப்பியா? பாம்பு பிடிப்பியா?" என்று அதிகாரி கேட்டதை நேரில் பார்த்தேன். பாம்பு பிடித்தால் காட்டுமிராண்டி. படித்தால் போலி. இரண்டு பக்கமும் அடிக்கிற மத்தளம் இந்தச் சொல். சான்றிதழ் இல்லாமல் அந்தப் பையனுக்கு ஸ்காலர்ஷிப் இல்லை, படிப்பும் பாதியில் நிற்கும்.

சரி, பாம்பு பிடிப்பதுதான் என்ன? 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்பு போன இருளர்கள், 1978ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் போகிறது. 2017ல் அமெரிக்காவின் ப்ளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் கூப்பிட்டார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. தடம் பார்த்து, எந்த வளையில் என்ன பாம்பு இருக்கிறது என்று சொல்கிற அறிவு இது. இதற்கு அகராதி என்ன அர்த்தம் சொல்லும்?

'முதல்' என்கிற பொருளை நாமே எடுத்துக்கொண்ட வரலாறும் உண்டு. பறையர், பஞ்சமர் என்று எழுதாதே, ஆதிதிராவிடர் என்று எழுது என்று எம்.சி. ராஜா சட்டசபையில் போராடி, 1922ல் அரசை ஏற்கவைத்தார். 'ஆதி'யும் 'ப்ரீமுஸ்'ஸும் பொருளில் ஒன்றுதான். ஒன்று நாம் வைத்துக்கொண்டது, மற்றது நம் மேல் ஒட்டியது. 1946 டிசம்பரில் ஜெய்பால் சிங் முண்டா அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தன்னை ஜங்லி என்றே சொல்லிக்கொண்டு, ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் சொல்லித்தர முடியாது, நீங்கள்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். வசவைப் பிடுங்கித் திருப்பிக் கொடுப்பது என்றால் இதுதான்.

மேடையில் தமிழனை மூத்தகுடி என்று முழங்கினால் கைதட்டுகிறோம். ஏரிக்கரையில் இருக்கிற மூத்தகுடிக்கு ஒரு சான்றிதழ் கொடுக்க வருஷக்கணக்கில் அலைய விடுகிறோம். எழுதுகிற, மொழிபெயர்க்கிற தோழர்கள் இந்தச் சொல் வரும்போது 'பண்படாத', 'பின்தங்கிய' என்று தட்டிவிட்டுப் போகாதீர்கள். யார் யாரை அளந்து சொன்ன சொல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாணவத் தோழர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது: பக்கத்து இருளர் குடியிருப்புக்குப் போய், எத்தனை மனு கிடப்பில் கிடக்கிறது என்று கணக்கெடுங்கள்.